பொழுது சாய்வதற்குள் சொன்னவை

மேல்மலையில் இருக்கும் மூடுபாறை என்ற ஊர் ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் கூடி, வீருத்தாயோடு இனி யாரும் பேசக்கூடாது, அவளுக்குத் தீயும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்று கட்டு போட்டது. கட்டு அன்று பொழுது சாய்ந்ததிலிருந்து நடப்புக்கு வரும் என்று ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி சொல்லிவிட்டதால், அவளிடம் சொல்ல வேண்டியது பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் சாயங்காலத்துக்குள் சொல்லித் தீர்த்துவிட வேண்டுமென்று அவள் தோட்டத்து வேலியைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

அவள் அப்போது நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். ஆனியில் தகரத் தட்டுகளில் விதைத்து, முளைத்ததைப் பிரித்து நாற்றங்காலில் வைத்து, மூன்று மாதம் பிள்ளையைப் போல வளர்த்த செடிகள், முந்நூற்றுப் பன்னிரண்டு. பங்களாக்காரர்கள் அதை ஃபாக்ஸ்குளோவ் என்பார்கள்; ஒவ்வொரு பூவும் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் குழல் போலத் தொங்குவதால் ஊரில் அதற்கு விரல்பூ என்று பெயர். முதல் வருஷம் தரையோடு தரையாக இலை மட்டும் விரிக்கும், மார்கழிப் பனியில் கருகாமல் கிடக்கும், மறு வருஷம் சித்திரையில் ஆள் உயரத்துக்குத் தண்டு விட்டு, அடியிலிருந்து நுனிக்கு ஒவ்வொன்றாகப் பூத்து, விதை முற்றியதும் வேரோடு செத்துப்போகும். கடித்த ஆடு அன்றைக்கே காலை நீட்டிவிடும் என்பதால் அதற்கு வேலிகூடத் தேவையில்லை. நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய செடி காத்திருக்காது, வெயில் ஏறினால் துவண்டுவிடும். அதனால் ஊர் முழுக்க வேலியோரம் நின்று வைதபோதும் வீருத்தாய் தலை நிமிராமல் குழி பறித்தாள், செடியை இறக்கினாள், மண்ணை இரண்டு கையாலும் அழுத்தினாள், அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.

"நாசமாப் போறவளே, ஒன் வாயில புழு வைக்க!" என்று இருமலுக்கு நடுவே கத்தினான் சின்னாண்டி. "ஊர்ச் சோத்தத் தின்னுபுட்டு ஊரையே காட்டிக் குடுத்தவ" என்றாள் ஒருத்தி. சொல்ல ஒன்றும் தோன்றாதவர்கள்கூட வந்து, காறித் துப்பிவிட்டாவது போனார்கள்.

அவள் செய்தது இதுதான். அதற்கு முந்தின மார்கழியில், நாற்றுத் தட்டுகளுக்கு மக்கிய இலை உரம் அள்ள அவள் சோலைக்காட்டுக்குள் போயிருந்தாள். மூடுபனிக்குள் ஊர்க்காரர்கள் நாலு பேர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தடுக்க வந்த வனக்காவலரைக் கம்பால் அடித்து, பள்ளத்தில் தள்ளினார்கள். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. வீருத்தாய் கோர்ட்டில் ஏறி நாலு பேரையும் பேர் சொன்னாள். மூன்று பேர் முகத்தை அவள் பார்த்தாள். நாலாவது ஆளின் முதுகை மட்டும் பார்த்தாள். முதுகில் பச்சை ஸ்வெட்டர், மஞ்சள் கோடு போட்டது, அவள் மகள் தவமணி தனக்குப் பேசி முடித்திருந்த ராசாங்கத்துக்காகத் தன் கையால் பின்னிக் கொடுத்தது. பின்னல் ஒவ்வொன்றும் வீருத்தாய்க்குத் தெரியும். மகளுக்கு வரப்போகிற புருஷன் என்றும் பார்க்காமல் அவள் ராசாங்கம் பேரைச் சொன்னாள். அன்று முழுக்கச் சோலைப்பக்கமே போகவில்லை, ஸ்வெட்டரை டீக்கடையில் ஆணியில் மாட்டிவிட்டு மறந்துபோனேன் என்று அவன் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேருக்கும் ஏழு வருஷம்.

பொழுது சாயும் நேரத்தில், கடைசிக் குழியில் அவள் செடியை இறக்கிக்கொண்டிருந்தபோது, தவமணி வந்தாள். அவளும் பேசினாள். வெகுநேரம் பேசினாள். பிறகு துணிப்பையோடு கடைசி பஸ்ஸில் ஏறிக் கீழே போய்விட்டாள். அவள் சொன்னதில் வீருத்தாயின் மனசில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: "இனி ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அதன்பிறகு ஏழு மாதம் மூடுபாறையில் ஒரு வாயும் அவளுக்காகத் திறக்கவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு, அவள் போகும்வரை மலையைப் பார்த்து நின்றார்கள். அவள் ஓடைக்குப் போய் மொண்டுகொண்டாள், அரிசி பருப்புக்கு இரண்டு மலை தாண்டிச் சந்தைக்கு நடந்தாள். மாசியில் ஒருநாள் தன் பெயரைத் தானே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள், அது யாரோ எவரையோ கூப்பிட்டதுபோல இருந்தது.

சித்திரை பிறந்து பதினோராம் நாள், வெயில் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தைத் தாண்டிப் பாத்தியில் விழுந்தபோது, முதல் செடியின் அடிப்பூ திறந்து, "ஊர்ச் சோத்தத் தின்னுபுட்டு" என்றது. மறுநாள் அதற்கு மேல் பூ திறந்து, "ஊரையே காட்டிக் குடுத்தவ" என்றது. நடும்போது எந்தச் செடிக்கு அருகில் யார் நின்று என்ன சொன்னார்களோ, அந்தச் செடி அவர்கள் குரலில் அதையே சொன்னது. ஒரு பூவுக்கு ஒரு துண்டுப் பேச்சு, வெயில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப, வெயில் போனதும் நிறுத்தம். ஒரு வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளில் பாதி வாய் திறந்துவிட, வீருத்தாய் காலையில் கதவைத் திறந்தால் ஊரே வாசலில் நின்று வைகிற மாதிரி இருந்தது. அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்து, வசவைக் கேட்டுக்கொண்டே குடித்தாள். ஏழு மாதம் கழித்து ஊர்க்காரர் குரல்.

செடி பேசுவதில் ஊருக்கு ஒன்றும் வியப்பில்லை, விதைத்தது முளைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு வந்த கவலை வேறு: பேசக்கூடாது என்று கட்டு போட்டிருக்கும்போது ஊர்க்குரல் அவளோடு பேசுகிறதே, கட்டு முறிந்ததா இல்லையா? சாவடியில் மூன்று மணி நேரம் பேசினார்கள். கட்டுக்கு முன்னால் சொன்ன பேச்சு கட்டுக்குப் பின்னால் கேட்டால் அது குற்றமாகாது என்று கடைசியில் கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு எல்லாரும் தத்தம் குரலைத் தேடி வேலிக்கு வந்தார்கள். நான் சொன்னது எப்படி உறைக்கிறது பார் என்று சிலர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். தன் வசவு போயும் போயும் ஒரு சவலைச் செடிக்கு வாய்த்துவிட்டதே என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ஒருத்தி, பாத்தி முழுக்கத் தேடியும் தன் குரல் இல்லாததால் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் மட்டும், காது கூசும் பேச்சுப் பேசுகிற பூக்களுக்குக் காகிதப் பை மாட்டிவிடும்படி ஒரு சீட்டில் எழுதி வேலியில் குத்திவிட்டுப் போனார். வீருத்தாய் மாட்டவில்லை.

சின்னாண்டியின் பெண்டாட்டி ஒச்சம்மா மட்டும் தினமும் வந்தாள். சின்னாண்டி தை மாதம் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அவள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே விரித்து உட்கார்ந்து, "நாசமாப் போறவளே" என்று புருஷன் குரல் வைவதையும், நடுவில் அவன் இருமுவதையும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள். வீருத்தாய் அந்தச் செடிக்கு மட்டும் காற்றில் சாயாமல் குச்சி ஊன்றிக் கட்டினாள். ஒச்சம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டு கட்டுதான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், பேரிமரத்து நிழலில் பிந்திப் பூத்த ஒரு செடி பேசியதை முதலில் ஒச்சம்மா கேட்டாள். மற்றச் செடிகள் கத்தின, இது முணுமுணுத்தது. "பச்சைச் சட்டையத்தான பாத்த" என்றது அடிப்பூ. அடுத்த பூ மறுநாள், "உள்ள இருந்தவனப் பாத்தியாடி?" என்றது. அதற்கடுத்த பூ சிரித்தது. அது கோட்டைச்சாமி மகன் தினகரன் குரல். கூட்டம் கத்திக்கொண்டிருந்த அந்த நாளில், அவள் குனிந்து மண்ணை அழுத்தும்போது, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், உள்ளுக்குள் அடக்க முடியாமல் அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவளுக்குக் கேட்கவில்லை. செடிக்குக் கேட்டிருக்கிறது.

உச்சிப்பொழுதுக்குள் ஊர் முழுக்க அந்தச் செடியின் முன்னால் நின்றது. யாரும் திடுக்கிடவில்லை. வீருத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். டீக்கடை பொன்னையா தரையைப் பார்த்தான். மற்றவர்கள் பொன்னையாவைப் பார்த்தார்கள். ஆணியிலிருந்து அந்த ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டு தினகரன் சோலைப்பக்கம் போனதை அவன் பார்த்திருக்கிறான், அவன் பார்த்தது ஊருக்குத் தெரிந்திருக்கிறது, தலைவர் மகன் என்பதால் ஊர் அதை விழுங்கி, மேலே தண்ணீரும் குடித்துவிட்டிருக்கிறது.

கோட்டைச்சாமி வந்தார். குனிந்து பூவில் காதை வைத்து மகன் குரலைக் கேட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"செடிகிட்டக் காது குடுக்கறதும் அவகிட்டப் பேசறதும் ஒண்ணுதான். இன்னிலருந்து இந்தப் பக்கம் ஒருத்தன் காதும் திரும்பக்கூடாது" என்றார்.

அன்றிலிருந்து வேலியோரம் நடப்பவர்கள் தலைத்துண்டைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். கோயில் கூம்பு ஒலிபெருக்கியைத் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி, வெயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை மேளமும் நாயனமும் போட்டார்கள். ஒச்சம்மா சாக்கை எடுத்துக்கொண்டு, வேலியிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து எதுவும் கேட்காது.

வீருத்தாய் இரண்டு நாள் தனக்குத்தானே வாதாடினாள். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான், அவன் எப்போதுமே குசும்பு பிடித்தவன், ஒரு கிறுக்குச் செடி சொன்னதற்காக நான் சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யாகிவிடுமா என்று. மூன்றாம் நாள், பாத்தியின் கடைசி மூலையில், கடைசியாக நட்ட செடி திறந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் விளங்காமல் அவள் மண்டியிட்டு, பூவுக்குள் காதை வைத்தாள்.

"அம்மா" என்றது பூ.

அன்று முழுக்க அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. மறுநாள் இரண்டாவது பூ, "நான் பின்னுன ஸ்வெட்டர்தான் அது, இல்லங்கல" என்றது. மூன்றாம் நாள், "பின்னலத் தெரிஞ்ச ஒனக்கு ஆளத் தெரியலையா?" என்றது. நாலாம் நாள், "அவரு ஒசரத்துக்கு அது இடுப்புல நிக்கும். நீ பாத்த ஆளுக்கு எங்க நின்னுச்சு, சொல்லு" என்றது.

இதெல்லாம் அன்றைக்கே அவள் காதில் விழுந்ததுதான். விழுந்ததை ஒதுக்கிவிட்டு, முகத்தில் முழிக்க மாட்டேன் என்றதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணை மூடினால் பனி வந்தது, பனிக்குள் அந்த முதுகு வந்தது, பச்சை ஸ்வெட்டர் வந்தது, அது அந்த ஆளுக்குத் தொடைவரை தொங்கியது. தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். கோர்ட்டில் ஏறியபோதும் அது அவள் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. தான் ஒருபோதும் தப்பாகப் பார்க்க மாட்டோம் என்ற திமிர் அதை மறைத்துவிட்டது. தினகரன் குள்ளம்.

அவள் மண்வெட்டியை எடுத்து, பேரிமரத்துச் செடியை ஒரு முழம் சுற்றளவுக்கு மண்ணோடு பெயர்த்து, மண்ணெண்ணெய் டின் ஒன்றில் இறக்கினாள். பூத்த செடியைப் பெயர்த்தால் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கீழே போய்ச் சேரும் வரைக்குமாவது தாங்கட்டும் என்று ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினாள். மகள் செடியில் இன்னும் பதினான்கு மொட்டுகள் இருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் காலை பஸ்ஸில் ஏறினாள். நாலாவது வளைவுவரை டின்னுக்குள்ளிருந்து, "உள்ள இருந்தவனப் பாத்தியாடி" என்று குரல் வந்தது, கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பத்தாவது வளைவில் அது குழறியது. வத்தலக்குண்டில் இறங்கியபோது தண்டு மடிந்து, பூக்கள் வேகவைத்த தோல்போலச் சுருங்கி, ஒரு சத்தமும் இல்லை.

சந்தையில் கேள்விப்பட்டிருந்தபடி, தவமணி ஒரு தையற்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாள். கதவைத் திறந்தவள், அம்மாவைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், வழியை மறித்தபடி நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"அது தினகரன் தவமணி. இந்தச் செடி அவன் குரல்ல சொல்லுச்சு. ஊரே கேட்டுச்சு."

"சரி. சொல்லச் சொல்லு."

வீருத்தாய் டின்னைக் கீழே வைத்தாள். செடி சரிந்து கிடந்தது.

"ஒரு வருஷமா நான் அழுதேன். நான் கால்ல விழாத வக்கீல் இல்ல" என்றாள் தவமணி. "நான் சொன்னப்ப நம்பல. அவரு சொன்னப்ப நம்பல. செடி சொன்னா நம்புவியா நீ?"

"செடி வேணாம். நான் சொல்றேன். நான் ஆளப் பாக்கல, சட்டையத்தான் பாத்தேன்னு கோர்ட்ல ஏறிச் சொல்றேன்."

"பொய்ச் சாட்சின்னு ஒன்னயப் பிடிச்சு உள்ள போடுவாங்க."

"போடட்டும்."

 தவமணி உள்ளே வா என்று சொல்லவில்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டி, வக்கீல் வீட்டுக்கு நடந்தாள். அம்மா கூடவே வந்துவிடக்கூடாது என்று பத்தடி முன்னால் நடந்தாள். ஆனால் தெரு திரும்பும் இடங்களில் மட்டும், அவள் வழி தவறிவிடாமல் இருக்க, நின்று நடந்தாள்.

வக்கீல் செடியைப் பற்றிய பகுதியை எழுதிக்கொள்ளவில்லை. மற்றதை எழுதினார். "ஸ்வெட்டரை எடுத்ததைப் பார்த்தவர்கள், தெரிந்தவர்கள் யாராவது உண்டா அம்மா?" என்று கேட்டார். வீருத்தாய் பொன்னையாவில் ஆரம்பித்தாள். வேலியோரம் அன்றைக்குப் பொன்னையாவைத் திரும்பிப் பார்த்த ஒவ்வொருவரையும், அப்பன் பெயரோடு, வீட்டு அடையாளத்தோடு சொன்னாள். ஒச்சம்மா பெயரையும் சொன்னாள். கோட்டைச்சாமி பெயரையும் சொன்னாள். எழுதி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வாசலில் தவமணி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். 

வீருத்தாய் ஊர் திரும்பியபோது பாத்தி தரைமட்டமாகக் கிடந்தது. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, பட்டப்பகலில், ஆளுக்கொரு அரிவாளோடு வந்து அறுத்திருந்தார்கள். முந்நூற்றுப் பதினொரு செடிகளையும் வேலிக்கு வெளியே குவித்திருந்தார்கள். அந்தக் குவியலை மேய்ந்த கோட்டைச்சாமியின் இரண்டு ஆடுகள் பக்கத்திலேயே செத்துக் கிடந்தன. அவள் மூலைக்குப் போய்ப் பார்த்தாள். அவள் ஞாபகத்தில் வைத்திருந்த மகளின் அந்தக் கடைசி வார்த்தை, மேல்மொட்டு எதிலோ, வாய் திறக்காமலே போயிருந்தது. அவள் கை கழுவிவிட்டு டீக்கடைக்கு நடந்தாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். கோட்டைச்சாமி இருந்தார். தினகரனும் இருந்தான்.

"பேச வேணாம், கேட்டுக்கங்க" என்றாள் வீருத்தாய். ஊருக்குள் பேசிப் பழக்கம் விட்டுப்போன அவள் குரல் கரகரத்தது. "நான் தப்பாச் சாட்சி சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கேன். அதுக்கு எனக்கு என்ன உண்டோ அது வரட்டும். ஒங்க பேரையும் குடுத்துருக்கேன். ஒருத்தர விடல. எல்லாருக்கும் சம்மன் வரும். எங்கிட்ட நீங்க பேச வேணாம், அங்க போய் ஏறி நின்னு பேசுங்க."

பொன்னையா கையிலிருந்த டம்ளரைக் கழுவிய தண்ணீரிலேயே மறுபடி கழுவினான். தினகரன் எழுந்தான், அவன் அப்பா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.  அன்று ராத்திரி அவள் கூரையில் கல் விழுந்தது, மறுநாளும் விழுந்தது, அவள் உடைந்த ஓடுகளை மாற்றிப் போட்டாள்.

ஆடி மாதம் தபால்காரர் பையோடு வந்து, ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினார்.

அந்த வழக்கு பிறகு எப்படிப் போயிற்று என்றால், பொன்னையா முதல் நாள் உளறி, இரண்டாம் நாள் உண்மையைச் சொன்னான். அவன் சொன்னபிறகு மற்றவர்களுக்கு வாயை மூடிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. ராசாங்கம் ஐப்பசியில் வெளியே வந்தான், தினகரன் உள்ளே போனான். வீருத்தாய்க்கு மூன்று மாதம் கிடைத்தது. தவமணி கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது.

முதல் வாய்தா அன்று காலை மூடுபாறையிலிருந்து கீழே போவதற்கு ஒரே ஒரு பஸ்தான் இருந்தது. வீருத்தாய் முந்தியே வந்து, நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கச் சலவை வேட்டியும் பட்டுச்சேலையுமாக, எழவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு ஏறியது. இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், மடியில் உட்கார்ந்தார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீருத்தாய்க்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதி, "அங்க ஒரு சீட்டு இருக்குல்ல, யாராச்சும் உக்காருங்கப்பா" என்றார். ஒருவரும் அசையவில்லை.

கடைசியாக ஒச்சம்மா ஏறினாள். கையில் சம்மன் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். புருஷன் குரலைக் கேட்ட நாட்களில் இருந்ததைவிட இளைத்துப்போயிருந்தாள். நெரிசலைப் பார்த்தாள், காலி இடத்தைப் பார்த்தாள், கோட்டைச்சாமியையும் ஒருமுறை பார்த்தாள். பஸ் கிளம்பி முதல் வளைவில் சாய்ந்தது. அவள் கம்பியை விட்டுவிட்டு நடந்து வந்தாள், வீருத்தாய்க்கு முன்னால் நின்றாள், வெறுப்பு கொஞ்சமும் குறையாத முகத்தோடு குனிந்தாள்.

"தள்ளி உக்காருடி" என்றாள்.

வீருத்தாய் தள்ளி உட்கார்ந்தாள்.